ஆடு திருடாதவனின் அப்பீல்

சீருடையைக் கண்டால் எனக்குப் பயம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்தால், டிக்கெட்டுக்கு முன்னால் என் வதிவிட விசா அட்டையை நீட்டிவிடுவேன். (அகதி விசாரணையில் ஆறு மணி நேரம் இருந்தவர்களுக்கு இது விளங்கும்.)

என் குடியுரிமை விண்ணப்பம் முடிவுக்குக் காத்திருந்த நேரம். மனைவியின் அண்ணன் குலம் டொராண்டோவிலிருந்து வந்தார். எங்கள் பகுதி ஹரோவின் கடைகள் அலுத்துப்போக, லண்டன் நகரத்துக்குள் ஒரு பழைய சிறைச்சாலைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனார். இப்போது அது குற்றமும் தண்டனையும் பற்றிய மியூசியம்.

உள்ளே ஒரு நீதிமன்ற அறை. நீதிபதி வேடம் போட்டவர், நின்ற முப்பது பேரில் என்னைத்தான் கூண்டுக்குக் கூப்பிட்டார்.

"நீ ஆடு திருடினாய். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?"

என்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறவில்லை என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேனே! நாடகம் என்று மூளைக்குத் தெரியும், பைலைத் தேடிய கைக்குத் தெரியவில்லை.

"இல்லை சேர், நான் அன்றைக்கு வேலையில் நின்றேன்" என்று ஆங்கிலத்தில் திக்கினேன். எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரியும் பைலைத் திறந்து, சம்பளச் சீட்டுகள், கவுன்சில் கடிதங்கள், பாதிரியார் தந்த நற்சாட்சிப் பத்திரம் எல்லாவற்றையும் அவர் மேசையில் அடுக்கினேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

நீதிபதி மேசையில் தட்டி, அந்தக் காலத்துத் திருடர்களுக்குக் கொடுத்த தண்டனையை அறிவித்தார். "ஏழு வருடம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்துகிறேன்!"

"மச்சான், விசா இல்லாமல் ஆஸ்திரேலியா! ஓமெண்டு சொல்லும்!" என்று குலம் கத்தினார்.

"ஏலாது! நான் அப்பீல் பண்ணப்போறன்!" என்று தமிழில் அலறிவிட்டு வெளியே ஓடினேன். (விசா மறுப்புக் கடிதம் வாங்கிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு அப்பீல் தானாகவே வாயில் வந்துவிடும்.)

பஸ் தரிப்பில் நிற்கும்போது, வேடத்துப் பொய்முடியைக் கையில் பிடித்தபடி நீதிபதி ஓடிவந்தார். நான் விட்டுவந்த பைலை நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை.

"நான் பிரேசில்காரன். பேப்பர் போதாதென்று போன தடவை என் விசா விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். இவ்வளவு நேர்த்தியாக அடுக்கித் தந்த லோயர் யார்?"

"நான்தான்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பைலை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டுக் குசினியில், சாப்பாட்டு மேசையில் இருந்து அவருடைய பைலை அடுக்கினோம். அவருக்கு விசா கிடைத்தது, எனக்குக் குடியுரிமை. இன்றைக்கும் டிசம்பர் மாத நத்தார் விருந்துக்கு முதல் ஆளாக வருபவர் அவர்தான். புதிதாக வரும் விருந்தினர்களுக்கு மனைவி அவரை அறிமுகப்படுத்துவாள்:

"இவர்தான் எங்கடை ஆளை நாடு கடத்தின ஜட்ஜ். ஆட்டிறைச்சிக் கறி வேணுமெண்டால் கேளுங்கோ. ஆடு எங்கையிருந்து வந்ததெண்டு மட்டும் இவருக்கு முன்னாலை கேக்காதேங்கோ."