ஒற்று மிகாத குறுஞ்செய்தி

“உங்கள் வங்கி கணக்கு இன்று முடக்கபடும். உடனே அழைக்கவும்.”

கைபேசியில் வந்த ஒன்றரை வரியில் இரண்டு பிழை. முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவருக்குப் பொறுக்குமா? அந்த எண்ணுக்கே அழைத்துவிட்டார்.

“வங்கிக் கணக்கு. ‘க்’ போடணும். முடக்கப்படும், அதுல ‘ப்’ விட்டுப்போச்சு.”

“சார்... நாங்க பேங்க்லேர்ந்து பேசறோம்,” என்று தடுமாறியது ஒரு பெண் குரல்.

“பேங்கா இருந்தா என்னம்மா? ஒற்று ஒற்றுதானே!”

அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். வினை அந்தச் சிரிப்பில்தான் வந்தது. மனைவி போன இரண்டு வருடமாக அந்த வீட்டில் குழாய் சொட்டுவதும் ஃபிரிட்ஜ் முனகுவதும்தான் பேச்சு. இது மோசடி என்று அவருக்கு அப்போதே தெரியும். ஓடிபி கேட்டாள், ஓர் இலக்கத்தை மாற்றிச் சொன்னார்.

“தப்பா இருக்கு சார். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடறேன்.”

நாளைக்கு! மறுநாள் பத்தரைக்கே தலைவாரிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்படியே பத்து நாள். தினமும் ஒரு தப்பு எண், ஒரு மணி நேரப் பேச்சு. நான்காம் நாள் அவளுடைய குறுஞ்செய்தியில் ஒற்றெல்லாம் சரியாக விழுந்தபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சலித்துப்போய் விட்டுவிடுவாளோ என்று கணக்கு எண்ணைக் கொடுத்தார். அதுவும் போதாதென்று பிறந்த தேதியையும் கொடுத்தார்.

மாடி வீட்டு நர்ஸ் காதில் இது விழுந்துவிட்டது.

“பேங்க்ல போன் பண்ணி நம்பர் கேக்கவே மாட்டாங்க ஐயா! மொதல்ல வையுங்க!”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா பேசறீங்க?”

“வேற யாரு பேசறா?”



பதினோராம் நாள் அந்தப் பெண்ணின் குரலில் சுரத்தே இல்லை. “இன்னிக்கும் தப்பா சொன்னீங்கன்னா இனிமே கூப்பிட முடியாது சார். மேல இருக்கறவங்க திட்டறாங்க. பிள்ளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்களேன், சரியாப் படிப்பாங்க.”

“எங்களுக்குக் குழந்தைங்களே இல்லம்மா.”

இனிமேல் கூப்பிடமாட்டாள் என்ற பயத்தில் அவர் ஆறு இலக்கங்களையும், ஒன்றைக்கூட மாற்றாமல், நிறுத்தி நிறுத்தி வாசித்துவிட்டார்.

அவள் ஆறையும் ஒருமுறை திருப்பிப் படித்துவிட்டு, “தப்பா இருக்கு சார்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணி வந்தது, போன் வரவில்லை. இவர் அழைத்தால் எண் அணைக்கப்பட்டிருந்தது. மருந்துக்கடையில் கார்டு வேலை செய்யவில்லை. நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு அவரை வங்கிக்கு இழுத்துப்போனாள். சேமிப்பெல்லாம் போயிருக்கும் என்று நினைத்தும், வழியெல்லாம் அவர் கைபேசியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வங்கி அலுவலர் கணினியைத் தட்டினார். “பணம் பத்திரமா இருக்கு சார். கணக்கைப் பூட்டி வெச்சிருக்கோம், அவ்வளவுதான்.”

“யாரு பூட்டச் சொன்னது?”

“உங்க பொண்ணுதான் சார். ‘எங்கப்பா யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லிடறார், உடனே பூட்டுங்க’ன்னு போன்ல ஒரே அழுகை.”