லிஸ்பனில் பெய்யாத மழை

குறைந்த செலவில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன். எந்த அருங்காட்சியகத்தில் எப்போது சும்மா விடுவார்கள், பணம் கட்டி மாடத்தில் ஏறிப் பார்க்கிற அதே ஆற்றை எந்தத் தெருமுனையில் நின்று இலவசமாகப் பார்க்கலாம், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடுவேன். போர்ச்சுகல் நாட்டின் தலைநகரத்தில், பட்டப்பகலில், ஒரு தெருவே கூடி நின்று என்னைத் துணி திருட வந்தவள் என்று நினைத்தது. நான் விட்டாலும் பாதகமில்லை. எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் மறக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில். கொள்ளுத்தாத்தா காலத்துக்கும் முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து கொச்சியின் அழுக்கை வெளுக்க ஆரம்பித்த குடும்பம். அம்மாவும் அப்பாவும் சித்தப்பாவும் இன்றும் டோபி கானா என்கிற பொதுச் சலவைத்துறையில்தான் துவைக்கிறார்கள். ஆளுக்கொரு துவைகல், பின்பக்கம் பெரிய புல்வெளி, அதில் வரிசை வரிசையாகக் கொடிகள். (கிளிப் எல்லாம் கிடையாது. இரட்டைக் கயிற்றை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுவோம். இழுத்தால் வந்துவிடும். இது பிறகு முக்கியமாகும்.)

கொச்சியின் வானத்தை நம்ப முடியாது. அதனால் டோபி கானாவில் ஒரு வழக்கம். முதல் துளி யார் மேல் விழுகிறதோ, அவர் "மழை!" என்று கத்த வேண்டும். கத்தியதும் அங்கே இருக்கிற அத்தனை பேரும் ஓட வேண்டும். யாருடைய கொடி, யாருடைய துணி, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அப்போது செல்லாது. கைக்கு எட்டியதை உருவி, நெஞ்சோடு அணைத்து, கூரைக்குள் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பிரிப்பது அப்புறம். நான் நடை பழகியதே அந்த ஓட்டத்தில்தான் என்பார் சித்தப்பா. வீட்டுப்பாடம் எழுதியதும் அந்தக் கொடிகளுக்கு அடியில்தான். "மழை" என்ற சொல் காதில் விழுந்தால் பேனா தானாகக் கீழே விழும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். களமசேரியில் பட்டம் வாங்கி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஏறியவள். அந்தப் பெருமை இப்போதும் உண்டு. அப்போது அதற்குக் கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டிருந்தேன். நிமிர்ந்து நின்றால் மடங்காது.

என் குறை ஒன்றுதான். அம்மா என்னோடு எங்கும் வரமாட்டாள். கல்லூரி ஆண்டு விழாவில் நான் பரிசு வாங்கிய அன்று, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஒருவர் வந்து, "இவிடே அல்லா, புறகில் போய் இரிக்கு" என்றார். பின்னால் போகச் சொன்னதைவிட, சொல்லுமுன் அம்மாவை மேலும் கீழுமாகப் பார்த்த பார்வைதான் அவளுக்குள் தங்கிவிட்டது. பட்டமளிப்பு விழாவுக்கு வரவில்லை. என் முதல் சம்பளத்தில் கலூரில் ஒரு நல்ல ஹோட்டலுக்குக் கூப்பிட்டேன். அதற்கும் வரவில்லை. "நீ போய்ட்டு வா மோளே. எனக்கு அவிடெல்லாம் சரியாவாது" என்பாள்.

அப்போதுதான் போர்ச்சுகலுக்கு மிகச் சல்லிசாக இரண்டு டிக்கெட் கண்ணில் பட்டது. ஏன் போர்ச்சுகல் என்றால், எங்கள் ஊரில் எந்தச் சுவரைத் தட்டினாலும் போர்ச்சுகீசியர் கட்டியது என்பார்கள். அழைக்காமலேயே அவ்வளவு தூரம் நம்மைப் பார்க்க வந்தவர்கள். பதில் மரியாதைக்கு நாம் ஒருமுறை போக வேண்டாமா?

அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"வரேன். ஆனா அங்க யாராச்சும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்கன்னு வை, அதோட தீர்ந்து. பின்னே நீ எங்க கூப்பிட்டாலும் வரமாட்டேன், கேட்டியா?"

யாரும் அம்மாவை அப்படிப் பார்த்துவிடக் கூடாது. எனக்கு அதுதான் பயணத்தின் ஒரே நோக்கமாகிவிட்டது. அதற்காக விமானத்திலேயே அவளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். சத்தமாகப் பேசாதே. யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்காதே. முக்கியமாக, எதையும் தொடாதே.

"அங்கெல்லாம் அடுத்தவங்க பொருளை யாரும் தொடமாட்டாங்கம்மா. தொட்டா போலீஸ்தான்."

அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டு வந்தபோதுகூட, "இதைத் தொடலாமா?" என்று கேட்டாள்.

லிஸ்பனில் என் சிக்கனம் கொடிகட்டிப் பறந்தது. ஏறி இறங்கும் அந்த ஊரை நடந்தே பார்த்தோம். கையோடு கொண்டுபோன சின்ன குக்கரில் சோறு, மத்தியானத்துக்கு ரொட்டியும் வாழைப்பழமும். ஊரே புகழும் முட்டைக் கஸ்டர்டு பலகாரத்தில் ஒன்று வாங்கி ஆளுக்குப் பாதி. ("அண்ணாச்சி கடை பன்னுக்குள்ள முட்டையைக் கொட்டின மாதிரி இரிக்கு" என்றாலும் அம்மா பேப்பரில் ஒட்டியதையும் விடவில்லை.)

எல்லோரும் ஏறும் மஞ்சள் டிராமில் ஏற அம்மாவுக்கு ஆசை. டிக்கெட் விலையைப் பார்த்ததும் எனக்குக் கலை ரசனை பொங்கியது.

"டிராமோட அழகே வெளியே நின்னு பாக்கிறதுதாம்மா. உள்ள ஏறிட்டா டிராம் தெரியாதே?"

"அப்போ பிளேனையும் நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கு வெளியே நின்னு பாத்திருக்கலாமில்லோ" என்றாள் அம்மா.

ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு முதன்முதலாகக் கடல்வழி கண்டுபிடித்து வந்த அந்த மாலுமியின் கல்லறைக்கும் போனோம். அவரை முதலில் புதைத்தது எங்கள் பக்கத்துத் தேவாலயத்தில்தான். பிறகு தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள். நாங்கள் போன அன்று கல்லறை இருக்கும் தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை. "நம்ம ஊர்ல காலிக் குழி சும்மா. இங்க ஆளே சும்மா" என்று அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். ஃபாடோ என்று ஒரு பாட்டு உண்டு, சோகத்தை இழுத்து இழுத்துப் பாடுவார்கள். உணவகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் கேட்க முடியும். நான் அம்மாவை வாசலில் நிறுத்தி, கதவு திறக்கும்போதெல்லாம் கேட்கச் சொன்னேன். இரண்டு வரி கேட்டோம். பரிமாறுகிறவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் பார்த்தது அந்தப் பார்வையா இல்லையா என்று வழி முழுவதும் எனக்கு யோசனை.

மறுநாள் அல்ஃபாமாவுக்குக் கூட்டிப்போனேன். லிஸ்பனின் பழைய பகுதி. படிக்கட்டுகளும் சந்துகளுமாக இருக்கும், பார்க்கக் காசு கிடையாது. முதல் சந்தில் திரும்பியதும் அம்மா நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு ஜன்னல் கொடி. போர்வை, சட்டை, மேஜை விரிப்பு, உள்ளாடை, சகலமும் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. கீழ்வீட்டு ஜன்னல் கம்பிகளும் வாசலில் விரித்து நிறுத்திய மடக்குக் கொடிகளும் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன.

"அய்யே! இது நம்ம டோபி கானா மாதிரில்லோ!" அதுவரை என் முதுகுக்குப் பின்னால் நடந்தவள் முன்னால் போனாள். ஒரு வெள்ளைப் போர்வையின் நுனியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"தொடாதேம்மா!" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, நாகரிகமாக.

அம்மா கையை இழுத்து, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் போனை உயர்த்திப் படம் பிடித்தபடி, "இது இவங்க கலாச்சாரம்மா. தூர நின்னு ரசிக்கணும்" என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

நெற்றியில் ஒரு துளி விழுந்தது. அடுத்த துளி புறங்கையில்.

அதற்குப் பிறகு நடந்ததில் என் படிப்புக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

"மழை! மழை! எடுங்க, எடுங்க!" என்று தமிழில், லிஸ்பன் அதிரக் கத்தினேன். போன் எங்கே விழுந்ததென்று தெரியாது. முதல் கொடியை உருவினேன். எங்கள் ஊர்க் கயிறு என்றால் துணி வழுக்கி வந்துவிடும். இங்கே கிளிப். இழுத்த இழுப்பில் கிளிப்புகள் பொரி மாதிரி நாலாபக்கமும் தெறித்தன. அடுத்த ஜன்னல், அடுத்த மடக்குக் கொடி. கன்னத்தில் யாருடைய காலுறையோ. தோளில் யாருடைய பாவாடையோ. இனிக் கூரை வேண்டுமே? திறந்திருந்த ஒரு கதவு கண்ணில் பட்டது. உள்ளே ஓடி, முதலில் தெரிந்த மேஜையில் அத்தனையையும் கொட்டினேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஏப்ரன் கட்டிய பருத்த அம்மாள் ஒருத்தி, கையில் கத்தியோடு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு தெரியவில்லை. அதன் மேல் ஒரு தெருவின் துணி கிடந்தது.

அவள் போட்ட சத்தத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தன. நான் வாசலுக்கு வந்தபோது சந்து நிறைய ஆள். என் கையில் இன்னும் ஓர் ஆண்பிள்ளை அரைக்கால் உள்ளாடை இருந்தது. இரண்டு பேர் தாராளமாகப் போடலாம்.

"ரெயின்! ரெயின்!" என்று வானத்தைக் காட்டினேன்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீலம். துவைத்து நீலம் போட்டது மாதிரி துளி மேகம் இல்லாத நீலம். அப்போது சரியாக என் மூக்கில் இன்னொரு துளி விழுந்தது. மூன்றாம் மாடி ஜன்னலில் சிவப்புப் பூச்சட்டிகள். அவற்றுக்குப் பின்னால் பூவாளியோடு ஒரு தாத்தா. கீழே கூட்டத்தைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையசைத்தார். பூவாளி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

திருட்டுப் பட்டம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் தேடியது அம்மாவை. காலியான கொடிகளுக்கு நடுவே, தன்னந்தனியாக, கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றாள். இப்போது எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள், சேலையிலிருந்து செருப்பு வரை. தீர்ந்தது என்று நினைத்தேன். இனி பக்கத்திலிருக்கும் வைட்டிலா வரைக்குக்கூட என்னோடு வரமாட்டாள்.

அம்மாவின் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று ஓடினேன்.

"எடி..." என்றாள். மூச்சு வாங்கியது. "தொடாதே தொடாதேன்னு... என்னைச் சொல்லிட்டு... எடீ!"

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கத்தியோடு வெளியே வந்த அம்மாள் (பெயர் ஃபாத்திமா என்று பிறகு தெரிந்தது. "நம்ம மட்டாஞ்சேரிப் பேரு!" என்று அம்மாவுக்கு ஏக சந்தோஷம்) என்னைப் பார்த்தாள், பூவாளியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

ஆங்கிலம் தெரிந்த கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து கேட்டாள். எங்கள் ஊரில் மழை வந்தால் எல்லோரும் எல்லோருடைய துணியையும் எடுப்போம் என்று சொன்னேன். அவள் அதை அவர்கள் பாஷையில் சொன்னதும் ஃபாத்திமா எதிர்வீட்டுக்காரியை நோக்கிக் கையை நீட்டி ஏதோ முழங்கினாள். எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்துப் பதில் முழங்கினாள்.

"என்ன சொல்றாங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஊரே மூழ்கினாலும் எதிர்வீட்டம்மா இவங்க துணியை எடுக்கமாட்டாங்களாம். அதுக்கு அவங்க, போன குளிர்கால மழையில் உன் போர்வையை எடுத்து வெச்சது யார்னு கேட்கறாங்க."

அதை நான் தமிழில் சொன்னதும், "பாத்தியா, நம்ம ஆளுங்கதான்" என்றாள் அம்மா.

துணி பிரிப்பது சாயங்காலம் வரை நடந்தது. நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, உரியவர்கள் கைதூக்கினார்கள். அந்த உள்ளாடைக்கு மட்டும் யாரும் கைதூக்கவில்லை. அம்மாவை உதவிக்குக் கூப்பிட்டேன்.

"நான் தொடமாட்டேன்பா. போலீஸ் வரும்."

அதற்குள் சந்தில் கரி அடுப்பு மூட்டி மீன் சுட ஆரம்பித்திருந்தார்கள். ஃபாத்திமா உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தாள். தன் ஏப்ரனாலேயே துடைத்து, எல்லோருக்கும் முன்னால், அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு, அம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கைகளை முன்னால் கொண்டுவந்து தட்டை வாங்கினாள்.

"மத்தி! இத்தனை தூரம் வந்து மத்தியா!" என்றாள். நான்கு சாப்பிட்டாள். பூவாளித் தாத்தா தன் தவறுக்குப் பரிகாரமாகக் கீழே வந்து ஒரு ஃபாடோ பாடினார். முழுசாகக் கேட்டோம். கதவைச் சாத்த யாரும் இல்லை. (யாராவது இருந்திருந்தால் தேவலை என்னும்படிதான் பாடினார்.)

ஊர் திரும்பியபின் அம்மா தெம்பாகிவிட்டாள். இப்போது எங்கே கூப்பிட்டாலும் வருகிறாள். நான் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் வாசல் கேட்டில் போய் நிற்கிறாள். நான் யாருக்காவது அறிவுரை சொல்ல வாயைத் திறந்தால் மட்டும், பேசாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். வீடே சிரிக்கும்.

டோபி கானாவில்தான் பெரிய சேதம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மேல் நிஜமாகவே துளி விழுந்தது. "மழை!" என்று கத்தினேன். தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லுக்கு ஓடிய ஒருவரும் அசையவில்லை.

"அவசரப்படாதீங்கடா! முதல்ல மேல தாத்தா நிக்கறாரான்னு பாருங்க" என்றார் சித்தப்பா.

அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. ஒரு ஹோட்டலின் படுக்கை விரிப்புகள் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தன. ஒரு விரிப்பின் இந்த முனையை நானும் மறுமுனையை அம்மாவும் பிடித்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தோம்.

"மோளே, அடுத்த வருஷம் எங்க?" என்றாள் அம்மா.

"நீயே சொல்லும்மா."

ஒரு முறுக்கு முறுக்கி யோசித்தாள். "மழையே பெய்யாத ஊரா பாத்து எடு. ஜன்னல்ல பூச்சட்டியும் இருக்கக் கூடாது."