அத்தாவை ஓட வைத்த ஆடு

பாப்பிரெட்டிப்பட்டி,
12-2-1969

பெங்களூர்வாசியான அன்புக்குரிய கரீம் மாமாவுக்கு, காஜா பணிவுடன் (இந்த ஒரு தடவையாவது நம்புங்கள்) எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மா நலம், நான் நலம், பக்ரீத் ஆடு நலம். அத்தாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அத்தாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். தினமும் நடக்காவிட்டால் காலில் புண் வரும், வந்தால் ஆறாது, காலையே எடுக்க நேரலாம் என்றார். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தாவோ, "நடக்கறது நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜவுளிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் அனுப்பிய கேன்வாஸ் ஷூவைக் கடைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார், மறுநாளே விற்றும்விட்டார். பக்கத்து விதைக்கடை மாதேஸ்வரன் அண்ணன் துணைக்கு வருகிறேன் என்று கூட்டிப் போனார். இருவரும் டீக்கடை வரை நடந்து, அங்கேயே உட்கார்ந்து, உடம்பை எப்படிப் பேணுவது என்று வெயில் ஏறும் வரை பேசினார்கள்.

அப்போதுதான் என் கண் ஆட்டின் மேல் விழுந்தது. அத்தாவே சந்தையில் தேடிப் பிடித்து வாங்கிய ஆடு. விடியற்காலை அவர் தொழுதுவிட்டு வரும் நேரம் பார்த்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். ஆடு சித்தேரி மலை ரோட்டில் பறந்தது. பின்னாலேயே அத்தா, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யாரும் கல்லு வுடாதீங்க! கால் நொண்டினா குர்பானிக்கு ஆவாது!" என்று கத்திக்கொண்டே ஓடினார். பிடிக்க வந்தவர்களையும் விரட்டினார், காலைப் பிடித்து இழுத்துவிடுவார்களாம். மாதேஸ்வரன் அண்ணன், "என்னங்க பாய், நீங்க ஆட்டை மேய்க்கறீங்களா, ஆடு உங்களை மேய்க்குதுங்களா?" என்றார்.

அதிலிருந்து தினமும் ஆடு ஓடுகிறது, அத்தா ஓடுகிறார், நான் நல்ல பிள்ளையாகப் போர்வைக்குள் திரும்பிவிடுகிறேன். அத்தாவின் பெல்ட்டில் புது ஓட்டை போட்டாயிற்று. சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று டாக்டரே சிரித்தார். அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்கிறார். ஆடும் இளைத்துவிட்டது, அது வேறு விஷயம்.

கவலை என்னவென்றால், பக்ரீத் நெருங்கிவிட்டது மாமா. பிறகு அத்தா எதன் பின்னால் ஓடுவார், பிரியாணியின் பின்னாலா? ஆகவே வரும்போது இன்னோர் ஆடு வாங்கி வாருங்கள். கால் நீளமாக, புத்தி குட்டையாக இருக்கட்டும். அடுத்த பக்ரீதுக்கு என்று சொல்லி ஒரு வருஷம் ஓட்டிவிடலாம்.

மாமிக்கு என் சலாம். குழந்தைகளுக்கு முத்தம், மூக்கு ஒழுகாதவர்களுக்கு மட்டும்.

உங்கள் மருமகன்,
காஜா

பி.கு.: மாமா, ஆடு வேண்டாம். முடிந்தால் என்னை அங்கே கூட்டிக்கொள்ளுங்கள். இன்று விடியலில் அசந்து தூங்கிவிட்டேன். பதறி எழுந்து ஓடினால் ஆடு கட்டிய இடத்தில் தழை தின்கிறது. அத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்.

"ஏன்டா, தெனம் முடிச்சு அவுந்து கெடக்குதே, ஆட்டுக்குக் கையா இருக்குது? மொத நாளே தெரியும்டா எனக்கு."

"அப்புறம் ஏன் அத்தா ஓடினீங்க?"

"கடைக்காரன் சும்மா ஓடினா ஊரு சிரிக்கும்டா. ஒரு சாக்கு வேணாமா? பாவம், ஆடு இளைச்சிப்போச்சு. இனிமே நீ ஓடு, நான் தொரத்தறேன். உன்னைத் தொரத்தினா ஏன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

உண்மைதான் மாமா, ஒருவரும் கேட்கவில்லை. மலை ரோட்டுப் பாலம் வரை துரத்தினார். அவமானம் என்னவென்றால், பிடித்தும்விட்டார்.