நல்லமுத்துவின் பகல் தூக்கமும் என் பழைய கீபோட்டுகளும்

மேல் டிவிசன் லயம்,
நோர்வூட்.

அன்பும் பண்பும் நிறைந்த தங்கை ஜீவராணிக்கு அண்ணன் செபமாலை எழுதிக்கொள்வது,

மாதாவின் தயவால் மூட்டுவலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. அதேபோல் நீயும் மச்சானும் மருமகன் ஜெரோஷனும் வத்தளையில் கொசுக்கடியைத் தவிர வேறு குறையின்றி இருக்க மன்றாடுகிறேன். நிற்க. "அண்ணே, தனியா கெடந்து என்னா செய்யப் போறீங்க, ஒரு அறை ஒதுக்கி வச்சிருக்கோம், வந்துருங்க" என்று நீ போனில் அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பதிலையும் போனிலேயே சொன்னால் நீ பாதியில் அழத் தொடங்குவாய், நானும் சரி என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்: நான் வரவில்லை. தனிமை என்று சொன்னாயே, அதற்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட இடமில்லை. காரணத்தை விளக்குகிறேன், பொறுமையாக வாசிக்கவும்.

தோட்ட ஆபிசில் கொம்பியூட்டர் அடித்தே நான் ஓய்வு பெற்றதும், குவாட்டர்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த லயத்து வரிசையில் அம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவுக்கே வந்து சேர்ந்ததும் உனக்குத் தெரியும். போன வருஷம் ஆபிசில் பழைய சாமான்களைக் குப்பையில் கொட்டப் போனார்கள். அதில் என் விரல் தேய அடித்த கீபோட்டுகள் ஐந்து கிடந்தன. ஜெரோஷனிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், அவன் போனுக்குள்ளேயே குதித்தான். "மாமா, எறிய விட்டுறாதீங்க! இப்ப வர்றதுக்கு அடியில வெறும் ரப்பர்தான். அந்தக் காலத்துல ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி சுவிட்ச், உள்ளுக்கு ஸ்பிரிங். அந்தச் சத்தத்துக்கும் அதை அழுத்துற சுகத்துக்கும் உலகம் பூரா பைத்தியம் புடிச்ச ஆளுங்க இருக்காங்க" என்றான். சரி, அந்தப் பைத்தியத்துல நம்ம குடும்பத்து ஆள் ஒருத்தரும் இருக்கட்டுமேன்னு சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தேன். ஒண்ணு மட்டும் அம்மிக்கல்லு கனம். சந்தியில கண்டவனெல்லாம் "என்னாங்க, கருவாடா?"ன்னு கேக்குறான். இல்லப்பா, கீபோட்டுன்னேன். அதுக்கு ஒருத்தன், "ஆமா, அதுவும் நல்லாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டுப் போறான்.

கழட்டிப் பாத்தா உள்ளுக்கு முப்பது வருஷத்துத் தேயிலைத்தூளு, செத்த கரப்பான், என்னோட தலைமுடி. ஆமா, அப்ப எனக்கு முடி இருந்துச்சு. எழுத்துக் கட்டையெல்லாம் பிடுங்கி சவுக்காரத் தண்ணியில ஊறப்போட்டு, கழுவி, சொளகுல பரப்பி வாசல்ல வச்சேன். பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி கொழுந்தெடுத்துட்டு வந்தவ குனிஞ்சு பாத்துட்டு, "ஐயையோ அண்ணே, இது யாரு பல்லு?"ன்னு ஒரு கத்து கத்துனா பாரு, லயமே கூடிருச்சு. மஞ்சளா இருந்தா பல்லுதானா? அந்த மஞ்சள் போறதுக்கு முடியை வெளுப்பாக்குற கிரீமைப் பூசி வெயில்ல வைக்கணும்னு ஜெரோஷன் சொல்லியிருந்தான். அட்டன் டவுன் சலூனுக்குப் போய் அதைக் கேட்டா, கடைக்காரன் என் தலையைப் பாக்குறான், கிரீமைப் பாக்குறான், திரும்பத் தலையைப் பாக்குறான். "ஐயா, இதைப் பூசுறதுக்கு முதல்ல முடி வேணுமே"ங்கிறான். வாங்கிட்டு வந்து பூசிட்டேன், வெயிலுக்கு எங்க போறது? நோர்வூட்டுல வெயிலு! வானம் வெளுத்துச்சுன்னு வெளிய வச்சா மிஸ்டு பொகையாட்டம் எறங்குது, உள்ள எடுத்தா வெயிலு பல்லைக் காட்டுது. ஒரு நாள் கொஞ்சம் கண்ணசந்துட்டேன், கொட்டுச்சு பாரு ஒரு மழை, சொளகோட எல்லாம் வாசல்ல தண்ணி ஓடுற கானுக்குள்ள. குடையைப் புடிச்சுக்கிட்டு நான் கானுல குந்தி எழுத்து பொறுக்குறேன், மொத்த லயமும் இஸ்தோப்புத் திண்ணையில நின்னு வேடிக்கை பாக்குது. எட்டாம் நம்பர் மட்டும் கெடைக்கவே இல்ல. அதுக்குப் பதிலா நாகலெட்சுமி புருஷனோட பழைய கோட்டுப் பித்தானைக் கொண்டாந்து தந்தா. திட்டிக்கிட்டேதான் தந்தா.

இப்ப விஷயத்துக்கு வாறேன். நம்ம காம்பராவுக்கும் அவங்க காம்பராவுக்கும் நடுவுல இருக்குற சுவரு கூரை வரைக்கும் போகாதுன்னு உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயசுல அதுக்கு மேலால நீ மாங்கொட்டை எறிஞ்சு அடி வாங்குனவதானே. அவ புருஷன் நல்லமுத்து ஃபெக்டரியில ராத்திரி வாட்சர், பகல்லதான் தூக்கம். நான் பகல்லதான் கீபோட் வேலை. ஒண்ணு உடைஞ்சு, மத்ததுக்கு உறுப்பு கழட்டத்தான் ஒதவுச்சு, மத்த நாலையும் தேத்திட்டேன். எந்தச் சத்தம் நல்லதுன்னு அடிச்சுப் பாக்கணுமில்ல? கொம்பியூட்டர் ஒண்ணும் இல்ல, வயரு எங்கயும் குத்தாம அந்தரத்துல தொங்கும். ஆபிசுல அடிச்ச கொழுந்து ரிப்போட்டையே மனப்பாடமா அடிப்பேன்.

நீல சுவிட்ச் போட்ட கீபோட்டு இருக்கே, அதை அழுத்துனா பாதி வழியில முள்ளு மாதிரி ஒண்ணு விரலுல தட்டும், டிக்குனு ஒரு சத்தம் குடுக்கும். நாம பேசுறதுக்கு எதிர்ல ஒருத்தர் "உம்" கொட்டுற மாதிரி இருக்கும், எனக்கு அது ரொம்பப் புடிச்சிருச்சு. ரெண்டு வரி அடிக்கல, சுவருக்கு மேலால சத்தம் வருது: "அண்ணே! அங்க என்னா மொச்சக்கொட்டையைத் தட்டுல கொட்டிக் கொட்டி எண்ணுறீங்களா? இந்த மனுசன் இப்பதான் கண்ணை மூடுனாரு!" பிரவுனுக்கு மாறுனேன். அதுல முள்ளு தட்டும், சத்தம் போடாது, தலையை மட்டும் ஆட்டும். "இது எப்படி நாகலெட்சுமி?"ன்னேன். "கோழி குருணை பொறுக்குற மாதிரி இருக்கு, அதுக்கு இது தேவல, ஆனா அந்த நீட்டுக் கட்டை மட்டும் லொடலொடங்குது"ன்னா. ஸ்பேஸ் பாரைச் சொல்றா! கழட்டிப் பாத்தா கீழக் கம்பியில கிரீஸ் காஞ்சு போய்க் கெடக்கு. அந்தக் காது யாருக்கு வரும் சொல்லு.

கடைசியா அந்த அம்மிக்கல்லு. உள்ளுக்கு ஸ்பிரிங் வளைஞ்சு தகட்டுல போய் அடிக்கும், கடாங், கடாங். நல்லா அனுபவிச்சு அடிச்சுட்டிருக்கேன், நல்லமுத்துக்கு ஃபெக்டரிக் கதவை யாரோ ஒடைக்கிறதா கனவு. மனுசன் பட்டப்பகல்ல டோச் லைட்டை எடுத்துக்கிட்டு, சாரத்தை ஒரு கையில புடிச்சுக்கிட்டு, "கள்ளன், கள்ளன்"னு ரோட்டு வரைக்கும் ஓடிட்டாரு. நானும் என்னமோ ஏதோன்னு அவரு பின்னாலயே ஓடுறேன், என்னைப் பாத்து நாயி ஓடுது. தோட்டத்துத் தொரையோட ஜீப்பு மறிச்ச பொறகுதான் அவரு முழிச்சாரு. அன்னைக்கு அவ என்னைத் திட்டுன திட்டு இருக்கே, மூச்சு வாங்க நடுவுல தண்ணி குடிச்சுட்டு வந்து திட்டுனா. முடிச்சுட்டு, "ரொட்டி சுட்டேன், சம்பலும் இருக்கு, தட்டைக் குடுங்க"ன்னு சுவருக்கு மேலால கையை நீட்டுனா.

பாவமாப் போச்சு. கறுப்பு சுவிட்ச் போட்ட நாலாவது கீபோட்டை எடுத்து, ஜெரோஷன் அனுப்புன கிரீசை ஒவ்வொரு சுவிட்சுக்கும் பூசி, பழைய குஷனைக் கிழிச்சு அடியில பஞ்சு வச்சு, மூச்சுக்கூட விடாத மாதிரி செஞ்சேன். கெட்டிக்காரத்தனம்தான், நானே சொல்றேன். அன்னைக்குப் பூரா அதுலதான் அடிச்சேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்ல. அழுத்துனா முள்ளும் இல்ல, உம்மும் இல்ல, குழிக்குள்ள விரலை விட்ட மாதிரி இருந்துச்சு. பொழுது சாயுது, யாரும் எதுவும் சொல்லல. எனக்குத் தேத்தண்ணி எறங்கல ஜீவராணி. மறுநாள் காலையில நீலத்தை எடுத்து ரெண்டு தட்டு தட்டுனேன். "ஆரம்பிச்சுட்டாரு!"ன்னா. அப்பதான் வயித்துல பசின்னு ஒண்ணு எடுத்துச்சு.

ஆக, நிலைமை இப்படி இருக்க, நான் வத்தளைக்கு வந்தால் இவர்கள் கதி என்ன? அவள் யாரைத் திட்டுவாள்? ஒரு நாளைக்கு இவ்வளவு பேச்சு கேட்கிற மனிதனைத் தனியாகக் கிடக்கிறான் என்று சொல்வது உனக்கே நியாயமா? ஆகவே அந்த அறையை வேறு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தவும். மச்சானுக்கு என் வணக்கத்தையும், ஜெரோஷனுக்கு கிரீஸ் கிடைத்தது என்பதையும் சொல்லவும். உன் சுகரைக் கவனித்துக்கொள். மாதா உங்கள் எல்லாரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இங்ஙனம்,
உன் மூத்தவன்,
செபமாலை.

பி.கு.: கவரை ஒட்டிட்டுப் பிரிச்சு எழுதுறேன். மேல சொன்ன எல்லாம் நடந்ததுதான், ஆனா இப்ப நடக்கல. நாகலெட்சுமி குடும்பத்துக்குப் புது வீட்டுத் திட்டத்துல கொட்டகலைப் பக்கம் தனி வீடு கெடைச்சு, ஈஸ்டர் முடிஞ்ச கையோட போயிட்டாங்க. சாமான் ஏத்த நானும் கூட நின்னேன். போன கிழமை பாக்கப் போனேன். நல்ல வீடு, கூரை வரைக்கும் சுவரு. "இங்க ஒரு சத்தமும் இல்லண்ணே, இவரு கட்டையாட்டம் தூங்குறாரு"ன்னு சந்தோஷமா சொன்னா. சந்தோஷம்தான். பக்கத்துக் காம்பராவுல இப்ப தோட்டத்து உர மூட்டை அடுக்கியிருக்காங்க. அவங்களைப் பாத்துட்டு வந்ததுல இருந்து அந்த அம்மிக்கல்லை எடுத்து வச்சுக்கிட்டு கடாங் கடாங்குன்னு அடிச்சுப் பாக்குறேன், ஒரு நாதி ஏன்னு கேக்கல. ராணி, அந்த அறையை யாருக்கும் குடுத்துறாத. ஜெரோஷனை ஒரு வேன் புடிச்சுட்டு வரச் சொல்லு, கீபோட் நாலும் வரும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அந்த அறைக்கு அடுத்த அறையில யாரு படுக்குறாங்க? கொஞ்சம் கோவக்காரங்களா இருந்தா நல்லது.