போல்ட்டு இல்லாத கன்வேயர்

ஒரகடத்தில், சரக்கை நகர்த்தும் கன்வேயர் செய்கிற ஒரு கம்பெனி. அதன் டிசைன் பிரிவில் இசக்கிசெல்வி சேர்ந்து பதினொரு மாதம். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். அவள் கம்ப்யூட்டரில் வரைந்த கன்வேயரில் நாலாயிரத்துச் சொச்சம் பாகங்கள். ஃபைல் திறக்க முக்கால் மணி நேரம். "முதலாளி பார்வையிடும்போது ஐந்து நிமிடத்தில் திறந்தாக வேண்டும்" என்று மேனேஜர் ரகுபதி சுற்றறிக்கை விட்டார்.

செல்வி படத்திலிருந்த போல்ட்டு நட்டையெல்லாம் தற்காலிகமாக நீக்கி வைத்தாள். நாலே நிமிடத்தில் திறந்தது. பூரித்துப்போன ரகுபதி, அந்தப் படத்திலிருந்தே பாகங்களின் பட்டியலை எடுத்தார். நீக்கி வைத்தவை பட்டியலில் வராது என்று அவள் வாய் திறப்பதற்குள் சீல் விழுந்து, கொள்முதல் பிரிவுக்குப் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து லைன் சூப்பர்வைசர் தணிகாசலம் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"இன்னாம்மா, ரோலர் வந்துச்சு, மோட்டார் வந்துச்சு, ஒரு போல்ட்டு கூட வரல. எச்சி தொட்டு ஒட்டவா?"

"ஐயோ அண்ணே, இப்பவே பட்டியல்ல சேத்துருதேன்" என்று அவள் ரகுபதியிடம் ஓடினாள்.

"அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் போல்ட் இல்லை. ஆகவே, கன்வேயருக்குப் போல்ட் தேவையில்லை" என்றார் அவர்.

"அப்ப எது சார் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

"வரைஞ்சது நீதானேம்மா? திருத்தினா முதல்ல போட்டது தப்புன்னு ஆகும். தப்பு பண்ணவங்களை நிரந்தரமாக்க விதியில்ல."

செல்விக்கு முகம் சுண்டிப்போனது. தணிகாசலத்திடம் வந்து கையை விரித்தாள்.

தணிகாசலம் படப்பை கடைத்தெருவுக்குப் போய் ஒரு மூட்டை போல்ட்டு வாங்கிவந்து முடுக்கினார். கன்வேயர் ஜோராக ஓடியது.

அப்புறம் தணிக்கைக் குழு வந்தது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கன்வேயரைச் சுற்றி வந்து, "பட்டியலில் இடம்பெறாத அறுநூற்றுப் பன்னிரண்டு பொருட்கள் இயந்திரத்தில் அனுமதியின்றித் தங்கியுள்ளன, உடனே அகற்றுக" என்று எழுதியது.

தணிகாசலம் தலையிலடித்துக்கொண்டு கழற்றினார். கழற்றக் கழற்ற ஆட்டம் கண்ட கன்வேயருக்கு இருபது பேர் தோள் கொடுத்தார்கள்.

"இவங்க யாரு?" என்றார் தணிக்கையாளர்.

"பணியாளர்கள் சார். பாகங்கள் பட்டியல்ல வரமாட்டாங்க" என்றார் ரகுபதி.

"நியாயம். பட்டியலும் இயந்திரமும் நூறு சதவீதம் பொருந்துது."

பாகங்களைக் குறைத்த சாதனைக்காக, அந்த இடத்திலேயே செல்விக்குக் கேடயமும் நிரந்தர ஆணையும் வழங்கப்பட்டன. கூசிக்கொண்டே வாங்கினாள்.

"எல்லாரும் பலமா கை தட்டுங்க!" என்றார் ரகுபதி.

எல்லாரும் தட்டினார்கள். தோள் கொடுத்து நின்ற இருபது பேரும் விலகி நின்று தட்டினார்கள்.