அட்வான்ஸ் அண்ணனும் எட்டு பாட்டில் ரத்தமும்

சென்னைப் பட்டணத்தில் உதவி கிடைக்கவில்லையே என்று அழுதவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். உதவி இவ்வளவு சீக்கிரம் வந்து தொலைத்துவிட்டதே என்று அழுதவர்கள் எங்கள் தெருவில் மட்டும்தான் உண்டு. அதற்குக் காரணம் அட்வான்ஸ் அண்ணன்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், மீன் லாரியும் கன்டெய்னரும் போக மிச்சமிருக்கிற இடத்தில் மனிதர்கள் நடக்கிற பகுதி எங்களுடையது. எங்கள் தெரு முனையில் அவருடைய வாடகைக் கடை இருந்தது. சாமியானா, பிளாஸ்டிக் சேர், அண்டா, மைக் செட், பிணத்தை வைக்கிற ஐஸ் பெட்டி எல்லாம் கிடைக்கும். முன்பணம் கறாராக வாங்குவார் போலிருக்கிறது, அதனால்தான் இந்தப் பெயர் என்று வெளி ஆட்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. நமக்கு ஒரு தேவை வரப்போகிறது என்று நமக்கே தெரிவதற்கு முன்னால் அவர் சாமானோடு வாசலில் வந்து நிற்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்திருக்கும். நாங்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு செல்வி அக்காவைப் பெண் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் உள்ளே பஜ்ஜி சாப்பிட்டு முடிப்பதற்குள் வாசலின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம் கட்டிவிட்டார் அட்வான்ஸ் அண்ணன். "போய் லெட்டர் போடறோம்" என்று சொல்ல வாயெடுத்த மாப்பிள்ளையின் அப்பா, வாழை மரத்தையும் அதைச் சுற்றி நின்ற தெருவையும் பார்த்தார். லெட்டர் செலவு மிச்சம். செல்வி அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை மட்டும் அன்றைக்கு என்ன நடந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு கார்த்திகை மாதம் டிவியில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னார்கள். காசிமேட்டிலிருந்து ஒரு ஃபைபர் படகை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் தெரு ஈபி கம்பத்தில் கட்டிவிட்டார். மூன்று நாள் மண்டையைப் பிளக்கிற வெயில். படகு அடைத்துக்கொண்டு நின்றதால் குடிநீர் லாரி தெருவுக்குள் வர முடியவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்த பெண்கள் அவரைத் திட்டிய திட்டை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். நாலாம் நாள் கொட்டியது மழை. இடுப்பளவு தண்ணீரில் திட்டினவர்களை எல்லாம் அவர்தான் ஒவ்வொருவராகப் படகில் ஏற்றினார். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை கிடையாது. "குந்து, குந்து, ஆடாம குந்து" என்பதோடு சரி.

எதிர்வீட்டு ரோஸி டீச்சருக்கு நாலு நாள் காய்ச்சல் என்றதும் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலோரம் வைத்து, மேலே ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்த டீச்சர் எழுந்து வந்தார்.

"இன்னா நைனா இது?"

"சொம்மாதான் டீச்சர். கடைல எடம் பத்தல."

டீச்சர் துடைப்பத்தோடு அவரைத் தெரு முனை வரை ஓட ஓட விரட்டினார். வியர்த்துக் கொட்டியதில் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதுவும் தன் கணக்கில் ஓர் உதவிதான் என்று அண்ணன் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது என் அப்பா கதைக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அப்பா பெயர் சேவியர். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இரும்பையும் நிலக்கரியையும் தூக்கிப் போட்ட மனிதருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு நின்று நின்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இதயத்தில் மூன்று அடைப்பு என்றார்கள். அந்தத் திங்கட்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை காலையில ஆபரேஷன். அதுக்கு முன்னால உங்க பக்கத்துலேருந்து எட்டு பேர் ரத்தம் குடுக்கணும். எந்த குரூப்பா இருந்தாலும் சரி. குடுக்கலைன்னா இந்தத் தேதி வேற பேஷன்ட்டுக்குப் போயிடும். அடுத்த தேதி எப்போ வரும்னு எனக்கே தெரியாது. உங்கப்பா ஹார்ட் அதுவரைக்கும் தாங்குமான்னும் தெரியாது."

எட்டு பேர்தானே, ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு எட்டு பேர் கிடைக்க மாட்டார்களா என்றுதான் நினைத்தேன். தம்பி கத்தாரில் இருந்தான். சித்தப்பாவுக்கு சர்க்கரை. எனக்கே ரத்தம் குறைவு என்று ஏற்கெனவே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். முப்பத்தேழு பேர் கும்பிடுகிற கை போட்டார்கள். அதில் ஒரு கை கூட ஊசிக்கு நீளவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் வரைக்கும் என்னிடம் தேறிய ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவரும் முதுகு வலி என்று படுத்திருந்தார்.

அன்று காலை அப்பாவை எக்கோ, எக்ஸ்ரே என்று கடைசி டெஸ்ட்டுகளுக்குக் கூட்டிப்போய்விட்டு, அவரோடு அம்மாவும் நானும் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். யாரிடம் போய் நிற்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது. எங்கள் வீட்டு வாசலில் நீலச் சாமியானா. கீழே வரிசையாக சேர். சேர் கொள்ளாத கூட்டம். உள்ளேயிருந்து ஒப்பாரிச் சத்தம்.

அப்பா தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, நம்ம வூட்டாண்ட பந்தலு கீது? யாரு பூட்டாங்க?"

வீட்டில் இருந்தது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "ஐயோ மாப்ள" என்று ஆரம்பித்துவிட்டாள். முதுகு வலியில் போனவர் யாராவது உண்டா என்று என் புத்திக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் டீ கேனோடு வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

நடந்தது இதுதான். ஆபரேஷன் என்று கேள்விப்பட்டால் அப்பாவைப் பார்க்க ஜனம் வரும், வெயிலில் எங்கே உட்காரும் என்று அட்வான்ஸ் அண்ணன் யாரையும் கேட்காமல் பந்தலும் ஐம்பது சேரும் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் நெஞ்சு வலிக்காரர் வீட்டில் நட்ட நடுப் பகலில் நீலப் பந்தல் ஏறினால் யாரும் வந்து "இன்னா ஆச்சு" என்று கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டால், 'இதுகூடத் தெரியலையா, இவன்லாம் ஒரு சொந்தமா' என்று பேச்சு வந்துவிடும். மாலை வாங்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பூக்காரம்மா பார்த்தாள், மீன் மார்க்கெட்டுக்குத் தெரிந்தது, அங்கிருந்து எண்ணூர் வரைக்கும் போய்விட்டது. என் வீட்டுக்காரரோ, மாமனாரைப் பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் ஓவராக அழுகிறார்களே என்று நினைத்தபடி எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "மாப்ள மனச கல்லாக்கிக்கினு நிக்கிறாரு பாரு" என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்களாம்.

அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஒப்பாரி நின்றது. எண்ணூர் அத்தை, அப்பாவின் கூடப் பிறந்த அக்கா, அவிழ்த்துப்போட்ட தலைமுடியோடு எழுந்து வந்தாள்.

"ரெண்டு பஸ்ஸு மாறி அழுதுகினு வந்துகீறேன். நீ இன்னாடா ஆட்டோல வந்து எறங்குற? வெக்கமா இல்ல?"

அப்பா அட்வான்ஸ் அண்ணனைப் பார்த்தார். "யாருக்கு நைனா பந்தலு?"

"உனுக்குதான் மாமு. வெயிலு ஜாஸ்தியா கீதுன்னு."

அப்பா நிழலில் ஒரு சேரை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்தார். பிறகு வந்திருந்த மாலைகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டார். "தேவராஜ், முப்பது வருசம் ஒண்ணா வேலை செஞ்சோம். இம்மாத்தூண்டு மாலைதான் உனுக்குத் தோணிச்சா?" என்று கூட வேலை பார்த்தவரைக் கேட்டார். தேவராஜ் மாமா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தெருவே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"ஏண்ணே, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்று கத்தினேன். "இப்ப சேரா கேட்டோம் உங்ககிட்ட? நாளைக்குள்ள எட்டு பேர் ரத்தம் குடுக்கலைன்னா ஆபரேஷன் கிடையாது. நெஜமாவே நீங்க பந்தல் போட வேண்டியதாயிடும்."

அண்ணன் பந்தலுக்குக் கீழே பார்த்தார்.

"எட்டு பேரா பாப்பா? அம்பது சேர் போட்டேன். ஒண்ணு காலியில்ல பாரு."

மைக் செட்டும் அட்வான்ஸாக வந்திருந்தது. அதை எடுத்துத் தட்டினார்.

"சாவுக்கு வந்தவங்க யாரும் கெளம்பாதீங்க. மாமு சாவல. சாவாம இருக்கணும்னா எட்டு பேரு ரத்தம் குடுக்கணும். போனதுக்கு அப்பால மால போடறதுக்கு, இருக்கும்போதே ஒரு பாட்டில் ரத்தம் குடுங்க. டீ குடிச்சவங்கள்லாம் வண்டில ஏறு."

முப்பத்தோரு பேர் இரண்டு குட்டியானை லோடு வண்டியில் ஏறினார்கள். மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே கொண்டுவந்தார்கள். ரத்த வங்கியில் இருந்த நர்ஸ், சிவந்த கண்ணும் சம்பங்கி மாலையுமாக வந்து நின்ற கும்பலைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"பேஷன்ட் எப்படி இருக்கார்?" என்றார்.

"நல்ல மனுசம்மா. ஒருத்தர் மனசும் நோவ விட்டதில்ல" என்று ஒருவர் பழக்க தோஷத்தில் ஆரம்பிக்க, பக்கத்தில் நின்றவர் அவர் தொடையில் கிள்ளினார்.

ஆனால் முப்பத்தோரு பேரில் தேறுவது சுலபமாக இல்லை. சாவு வீட்டுக்கு வருகிற வழக்கப்படி பத்துப் பன்னிரண்டு பேர் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். நர்ஸ் வாயை ஊதச் சொல்லியே அத்தனை பேரையும் கழித்தார். சிலருக்கு பிபி, சிலருக்கு சர்க்கரை. எண்ணூர் அத்தை கையை நீட்டி, "எங்கிட்ட எவ்ளோ கீதோ எல்லாத்தையும் எடுத்துக்கோ" என்றாள். வயசு அறுபத்தெட்டு என்றதும் அவளையும் அனுப்பிவிட்டார்கள். அவள் வெளியே வந்து மறுபடி அழுதாள். இந்தத் தடவை அழுகை உண்மையாகவே அப்பாவுக்காக. தேவராஜ் மாமா மகன் கொடுத்தான். செல்வி அக்கா கொடுத்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் கொடுத்தார். கவுன்ட்டர் மூட அரை மணி இருக்கும்போது ஏழு பேர் ஆகியிருந்தது. மறுநாள் அப்பாவை அட்மிட் செய்வதோடு பொழுது போய்விடும், வேறு ஆளும் இல்லை.

அட்வான்ஸ் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். ஊசி என்றால் அவருக்கு உயிர் போகும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. பஞ்சால் துடைத்ததுமே கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். குத்துவதற்கு முன்னாலேயே மயக்கம், அதிலும் அட்வான்ஸ். தண்ணீர் தெளித்து எழுப்பியதும், "எடுத்தாச்சா?" என்று கேட்டார். "உங்ககிட்ட எடுக்க முடியாது, எழுந்து போங்க" என்றார் நர்ஸ். அவர் முகம் செத்துவிட்டது. அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அப்போது பின்னாலிருந்து ஒருவர், "நான் குடுக்கலாமாம்மா?" என்றார். எங்களை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர். பந்தல் கம்பு குறுக்கே நின்றதால் ஆட்டோவைத் திருப்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டு, சும்மா நிற்பானேன் என்று எல்லோரோடும் குட்டியானையில் ஏறி வந்திருக்கிறார். பெயர்கூடக் கேட்கவில்லை நாங்கள். எட்டாவது பாட்டில் அவருடையது.

வியாழக்கிழமை விடியற்காலை அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலில் எங்களுக்கு முன்னால் அட்வான்ஸ் அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் பக்கத்தில் ஃபிளாஸ்க் இல்லை, பாய் இல்லை, விசிறி இல்லை. ஒரு பை கூட இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"என்னண்ணே, ஒண்ணும் எடுத்துட்டு வரலையா?"

"இல்ல பாப்பா." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எது எடுத்துகினு வரலாம்னு யோசிச்சா, கூடவே மத்ததெல்லாம் நெனப்புக்கு வர்து. அத்தொட்டு ஒண்ணும் யோசிக்காம வந்துட்டேன்."

ஊரில் எல்லோருக்கும் நல்லதையும் கெட்டதையும் முன்கூட்டியே நினைத்து வைத்த மனிதருக்கு, என் அப்பாவின் அடுத்த நிமிஷத்தை மட்டும் நினைக்க மனசு வரவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் வெளியே வந்து "நல்லா முடிஞ்சுது" என்று சொல்லும் வரை, ஐந்து மணி நேரம், அந்த வெறும் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.