நாயகனின் மூக்கை மறைத்த கார்

திரையில் கதாநாயகனுக்கு மூக்கே இல்லை. மூக்கிருந்த இடத்தில் இரண்டு வெள்ளை வட்டங்கள். நாயகி அந்த வட்டங்களைப் பார்த்துத்தான் உருகி உருகி அழுதுகொண்டிருந்தாள்.

டிரைவ்-இன் தியேட்டர் மேனேஜர் தலையில் கை வைத்தார். திறந்த மைதானத்தில் நூற்றிருபது கார்கள். நூற்றுப் பத்தொன்பது சமர்த்தாக விளக்கை அணைத்துவிட்டு, கார் ரேடியோவில் வசனம் கேட்டபடி படம் பார்த்தன. நடு வரிசையில் ஒரு வெள்ளைக் கார் மட்டும் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்திருந்தது.

முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார்: "இன்னிக்கு ஒரே ஒரு புகார் வரட்டும், திரையைக் கழட்டிட்டு குடோன் கட்டிடறேன். நீதான் அதுக்கு வாட்ச்மேன்."

மேனேஜர் ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி ஒரு பெரியவர். பக்கத்தில் அவர் மனைவி.

"சார், லைட்டை அணைங்க சார்."

"எதுக்கு? எவனாவது வந்து இடிக்கவா?"

"யாரும் இடிக்க மாட்டாங்க. எஞ்சினையாவது நிறுத்துங்க."

"பழைய வண்டி. நிறுத்தினா கிளம்பாது. நீ வந்து தள்ளுவியா?"

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, போன படத்தின் பேனரைத் தூக்கி வந்து காரின் முகத்தில் போர்த்தினார்.

"என்னங்க, யாரோ துணியைக் கொண்டாந்து போடறான்."

"ஏதாவது விக்க வந்திருப்பான். நீ பேச்சுக் குடுக்காத. கண்ணாடியை ஏத்து."

ஐந்தே நிமிடம். காற்றில்லாமல் எஞ்சின் சூடேறி, கார் கல்யாண வீட்டு வெந்நீர் அண்டா மாதிரி ஆவி விட்டது. பின் வரிசைகளுக்குத் திரை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. மேனேஜர் பேனரை உருவினார். அது இரண்டாகக் கிழிந்தது.

"சார், கையெடுத்துக் கும்பிடறேன். கடைசி வரிசைக்குப் போயிடுங்க."

பெரியவர் சீறினார். "பின்னாடியா? இவ்வளவு நேரம் காத்துக் கிடந்துட்டு நான் ஏன்யா பின்னாடி போகணும்? முன்னாடி வேணா விடு!"

திரைக்குக் கிட்டத்தில் போய்விட்டால் வெளிச்சம் தரையோடு போய்விடும் என்று மேனேஜர் கணக்குப் போட்டார். நாலு கார்களைக் கெஞ்சி ஒதுக்கி வழி செய்தார். முன் வரிசையில் தரை கொஞ்சம் மேடு என்பது மட்டும் கணக்கில் வரவில்லை. வெள்ளைக் கார் மேட்டில் ஏறி மூக்கை நிமிர்த்தியது. இப்போது நாயகனுக்குத் தலையே இல்லை. யாரைச் சுடுகிறோம் என்று வில்லனுக்கே தெரியவில்லை.

அதோடு விட்டாரா பெரியவர்? ஹாரனில் கை வைத்தார். நூற்றுப் பத்தொன்பது கார்களும் பதிலுக்கு அலறின. மூன்று தெரு தள்ளித் தொட்டிலில் கிடந்த குழந்தைகளெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டன.

டிக்கெட் அறையிலிருந்து முதலாளி பாய்ந்து வந்தார்.

"யோவ், வாட்ச்மேன்!"

மேனேஜர் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட அழுதே விட்டார். "சார், என் பொழப்பே போகுது! உங்களுக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லுங்க, இந்த நிமிஷமே செஞ்சு தர்றேன்."

பெரியவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி தலையை நீட்டினார்.

"நீயாவது கேட்டியேப்பா, மகராசனா இரு. டோல்கேட்ல சீட்டு வாங்கி ஒன்னரை மணி நேரமாச்சு. எதிர்ல ஓடுற அந்த விளம்பரத்தையே எவ்வளவு நேரம்தான் பாக்கறது? இந்த டிராஃபிக் எப்பதான் நகரும்?"